பிணையாக நின்ற குமாரிஹாமி

நான் பிலிமத்தலாவைக்கு மருமகளாக வந்து இருபத்திரண்டு வருடங்களாகின்றன. கொழும்பு - கண்டி வீதியில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது கடுகண்ணாவைக்கும் பேராதனைக்கும் இடையில் வரும் ஓர் ஊர். குத்துவிளக்கும் பித்தளைச் சாமான்களும் விற்கும் ஊர். சற்று உள்ளே போனால் 1344ஆம் ஆண்டில் கட்டப்பட்ட கடலாதெனிய விகாரை. அதைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேஸ்வராசாரி என்று கல்வெட்டு சொல்கிறது. அதாவது, நம்மவர்கள் இந்தப் பக்கம் வந்து போவது நேற்று இன்று தொடங்கிய விடயமல்ல.

இந்த ஊரின் பெயரைச் சுமந்த ஒருவர் ஒரு காலத்தில் கண்டி இராச்சியத்தையே ஆட்டி வைத்தார் என்பது, இங்கு வந்து பல வருடங்கள் வரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நேர்ந்தது என் மகளால். ஒரு நாள் பாடசாலை விட்டு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"அம்மா, மத்தும பண்டாரவைக் கொன்ற ராஜா தமிழ் ராஜாவா? நம்ம ஆளா?"

யார் சொன்னது என்று கேட்டேன். பின்னேர வகுப்பில் கூட இருக்கும் பிள்ளை ஒன்று சொன்னதாம். சண்டையில்லை, சும்மா பேச்சுவாக்கில். ஆனாலும் என் பிள்ளையின் முகம் சரியில்லை. ஒன்பது வயதுப் பையன் தலையைக் கொடுத்த கதையில் தான் எந்தப் பக்கம் நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் அன்றைக்குப் பதில் தெரியவில்லை. "சோற்றைச் சாப்பிடு, பிறகு பேசலாம்" என்று சமாளித்தேன். தாய்மார் எல்லோரும் செய்வதுதான்.

அன்று தொடக்கம் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். கேட்கக்கூடியவர்களிடம் கேட்டேன். கதை முழுவதும் ராஜா, அதிகாரம், திசாவை, தேசாதிபதி என்று ஆண்களின் பெயர்கள்தான். ஆனால் வாசிக்க வாசிக்க, அந்தக் கதையின் நடுவில் ஒரு பெண் அசையாமல் நிற்பது தெரிந்தது. அவரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

சிம்மாசனம் வந்த வழி

முதலில் அந்த ராஜாவைச் சொல்ல வேண்டும். 1739இல் நரேந்திரசிங்கன் என்ற கண்டி மன்னன் வாரிசில்லாமல் இறந்தான். அவனுடைய பட்டத்து ராணி மதுரையிலிருந்து வந்த நாயக்கர் குலப் பெண். ராணியின் தம்பி ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் முடிசூடினான். கவனியுங்கள், அரசுரிமை ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவனிடம் வந்தது. அவனுக்குப் பின் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், ராஜாதி ராஜசிங்கன், கடைசியாக ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இந்த நால்வரும் நாயக்கர் வழியினர். பூர்வீகத்தில் தெலுங்கர், தமிழ் புழங்கியவர்கள், கண்டியில் சிங்கள மன்னர்களாக ஆண்டு பௌத்த சமயத்தைப் பேணியவர்கள். இவர்களுடைய சொந்தக்காரர்கள் குடியிருந்த தெருவுக்குக் கண்டியில் மலபார் வீதி என்றே பெயர்.

1798இல் ராஜாதி ராஜசிங்கனும் பிள்ளையில்லாமல் இறந்தபோது, அடுத்த ராஜாவைத் தெரிவு செய்யும் பலம் ஒரே ஒரு மனிதரிடம் இருந்தது. முதலாவது அதிகாரமாகிய, அதாவது மகா அதிகாரமாகிய பிலிமத்தலாவை. நம்முடைய ஊர்க்காரர்! அவர் கண்ணுசாமி என்ற பதினெட்டு வயது இளைஞனைக் கொண்டு வந்து அரியணையில் ஏற்றினார். இறந்துபோன மன்னனின் ராணிக்கு அவன் சகோதரி மகன் முறை என்பார்கள். இங்கும் ஒரு பெண் வழி உறவுதான். பையன் தன் சொல்லைக் கேட்டு நடப்பான் என்பது பிலிமத்தலாவையின் கணக்கு. அந்தக் கணக்கு பிழைத்துப் போனது. வருடங்கள் போகப் போக இருவருக்கும் பகை முற்றியது. பிலிமத்தலாவை தன் மகனுக்கு, கீர்த்தி ஸ்ரீ மன்னனின் இரத்த வழி வந்த ஒரு பேத்தியைக் கட்டி வைக்கப் பார்த்தார், அதுவே மன்னனின் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றியது என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு கல்யாணப் பேச்சு. நம் ஊர்களில் கல்யாணப் பேச்சால் குடும்பம் இரண்டாவதைப் பார்த்திருக்கிறோம். அங்கே தலையே போய்விட்டது. மன்னனைக் கொல்லச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு பிலிமத்தலாவைக்குச் சிரச்சேதம்.

அவருடைய பதவி மருமகன் முறையான எஹலேபொலவுக்குப் போனது. எஹலேபொலவின் மனைவிதான் நான் சொல்ல வந்த குமாரிஹாமி.

பெயர்

எஹலேபொல குமாரிஹாமி என்று எல்லோரும் சொல்கிறோம். யோசித்துப் பார்த்தால் அதில் அவருடைய சொந்தப் பெயர் கிடையாது. எஹலேபொல கணவரின் ஊரும் வம்சமும். குமாரிஹாமி என்பது பிரபுக் குடும்பத்துப் பெண்களுக்குரிய மரியாதைப் பட்டம். நம்மை "இன்னாருடைய வீட்டுக்காரி", "இன்னாருடைய அம்மா" என்று கூப்பிடுவது போலத்தான்.

பிறந்த வீடும் சாதாரணமானதல்ல. மொனராவில கெப்பெட்டிபொல இவருக்குச் சகோதரர். பின்னாளில் ஊவாவின் திசாவையாக இருந்தவர், இன்று இலங்கையின் தேசிய வீரர்களில் ஒருவராக மதிக்கப்படுபவர். ஒரு பக்கம் பிலிமத்தலாவை, எஹலேபொல. மறுபக்கம் கெப்பெட்டிபொல. கண்டி இராச்சியத்தின் மிகப் பெரிய குடும்பங்கள் சந்தித்துக்கொண்ட முடிச்சு இந்தப் பெண். பெரிய இடத்துச் சம்பந்தம் என்று அன்றைக்கு ஊரே வாயைப் பிளந்திருக்கும்.

கண்டியச் சட்டத்தில் இரண்டு வகைத் திருமணம் உண்டு. பெண் கணவன் வீட்டுக்குப் போவது தீக. கணவன் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வது பின்ன. இன்றைக்கும் கண்டியச் சிங்களவரின் விவாகப் பதிவில் இந்த வித்தியாசம் எழுதப்படுகிறது. பின்ன முறையில் பெண் பிறந்த வீட்டுச் சொத்துக்கு உரிமையோடு, கணவனை வேண்டாமென்றால் அனுப்பிவிடும் தைரியத்தோடு இருந்தாள். தீக முறையில் போனவளோ கணவன் குடும்பத்தின் பெயருக்கும் புகழுக்கும் பங்காளி. பழிக்கும் பங்காளி.

நான்கு பிள்ளைகள். மூத்தவன் லொகு பண்டார, அடுத்தவன் மத்தும பண்டார, மகள் திகிரி மெனிக்கே, கைக்குழந்தை டிங்கிரி மெனிக்கே. இந்தப் பெயர்களுக்கு அர்த்தம் தெரியுமா என்று எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். அவர் சிங்களவர்; இருபது வருடமாக எனக்கு ஒரு கை மாதிரி. சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது பெயரே இல்லை நங்கி. லொகு என்றால் பெரியவன், மத்தும என்றால் நடுவிலான். திகிரி சின்னவள், டிங்கிரி குட்டி. வீட்டில் கூப்பிடுகிற பெயர்கள்." நம் வீடுகளில் பெரியவன், நடுவுலவன், சின்னக்குட்டி என்பது போல. சரித்திரப் புத்தகத்தில் இருக்கிற பெயர்கள் ஒரு தாய் அடுப்படியிலிருந்து கூப்பிட்ட பெயர்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை என்னால் சாதாரணமாக வாசிக்க முடியவில்லை.

பிணை

கண்டி அரசர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பிரபுவைத் தூரத்து மாகாணத்துக்குத் திசாவையாக அனுப்பும்போது, அவருடைய மனைவி பிள்ளைகள் தலைநகரிலேயே இருக்க வேண்டும். அங்கே படையும் வருமானமும் அவர் கையில். இங்கே அவருடைய குடும்பம் மன்னன் கையில். நேரே சொன்னால் பிணை.

எஹலேபொல சப்பிரகமுவைக்குப் பொறுப்பாக இருந்தார். மன்னனுக்கு அவர் மீது சந்தேகம். அவருக்கும் மன்னன் மீது பயம். மாமாவுக்கு நடந்ததைக் கண்ணால் கண்டவர் அல்லவா? கொழும்பில் ஆங்கிலேயர் காத்திருந்தார்கள். ஜோன் டொயிலி என்ற, சிங்களம் நன்கு படித்த அதிகாரி கண்டிப் பிரபுக்களோடு இரகசியமாகக் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1814இன் தொடக்கத்தில் கண்டிக்கு வரும்படி மன்னன் கட்டளையிட்டபோது எஹலேபொல வரவில்லை. கலகம் செய்தார். அதை அடக்க மொல்லிகொட அதிகாரம் படையோடு போனார். எஹலேபொல தோற்று எல்லையைக் கடந்து ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்தார்.

மனைவி பிள்ளைகள் கண்டியில்.

இந்த இடத்தில் என் மகள் கேட்டாள்: "ஏம்மா, அவர் போகும்போது இவங்களைக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்தானே?" கூட்டிக்கொண்டு போக விட்டிருக்க மாட்டார்கள் என்றேன். "அப்ப போகாம இருந்திருக்கலாம்தானே?" என்றாள். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லாததற்கு வேறொரு காரணமும் உண்டு. என் கணவர் சில வருடங்கள் வளைகுடா நாடொன்றில் வேலை செய்தார். போவதற்கு முன் ஒரு நண்பருடைய கடனுக்குப் பிணைக் கையெழுத்துப் போட்டிருந்தார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நண்பர் கட்டாமல் ஊரை விட்டுப் போய்விட்டார். இவர் கடல் கடந்து. ஒரு நிதி நிறுவனத்தின் ஆட்கள் வந்து நின்றது என் வாசலில். அவர் எங்கே, எப்போது வருவார், அதுவரை நீங்கள் கட்டுங்கள். பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தோட்டப் பக்கங்களில் குழுக்கடன் எடுத்து, ஒருத்திக்கு ஒருத்தி பிணை நின்று, வார வசூல் நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். யாரும் யாரையும் குளத்தில் தள்ளவில்லை, நான் அதையும் இதையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. ஆனால் ஆண் போட்ட கணக்குக்குப் பெண்ணை வாசலில் நிறுத்திக் கேட்பது என்ன என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

1814 மே 17

இதற்கு மேல் எழுதுவது கஷ்டம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நாத தேவாலயத்துக்கும் மகா விஷ்ணு தேவாலயத்துக்கும் பக்கத்திலுள்ள சதுக்கத்துக்குக் குமாரிஹாமியையும் பிள்ளைகளையும் கொண்டு வந்தார்கள். மூத்தவனுக்குப் பதினொரு வயது. பயந்துபோய் அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். ஒன்பது வயது மத்தும பண்டார முன்னுக்கு வந்து, அண்ணா பயப்படாதே, எப்படிச் சாவது என்று நான் காட்டுகிறேன் என்ற பொருள்படச் சொல்லித் தன் தலையை நீட்டினான். நான்கு பிள்ளைகளையும் தாயின் கண் முன்னே கொன்றார்கள், பால்குடிக் குழந்தை உட்பட. பிறகு குமாரிஹாமியையும் எஹலேபொல குடும்பத்தின் மற்றப் பெண்களையும் போகம்பரைக் குளத்துக்குக் கொண்டுபோய் மூழ்கடித்தார்கள். பெண்ணின் இரத்தம் மண்ணில் சிந்தக்கூடாது என்ற மரபாம். அந்த மரபுக்கு மட்டும் குறை வைக்கவில்லை.

இரண்டு நாட்கள் கண்டியில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை என்று ஜோன் டேவி எழுதியிருக்கிறார். அவர் ஆங்கிலப் படையின் வைத்தியர். 1821இல் வெளியான அவருடைய புத்தகம்தான் இந்தச் சம்பவத்துக்குப் பெரிய ஆதாரம். வெட்டிய தலைகளை உரலில் போட்டுத் தாயையே இடிக்கச் செய்தார்கள் என்பதும் அதில் வருகிறது. இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். டேவி இலங்கைக்கு வந்தது 1816இல். அவர் எழுதியது கேட்டு எழுதியது. 1815இல் கண்டியைப் பிடித்த ஆங்கிலேயருக்கு, அந்த மன்னன் எவ்வளவு கொடியவன் என்று உலகத்துக்குக் காட்ட வேண்டிய தேவையும் இருந்தது. அதனால் உரல் கதை போன்ற விவரங்களைப் பிற்கால ஆய்வாளர்கள் பலர் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். பிள்ளைகளும் தாயும் கொல்லப்பட்டதில் சந்தேகமில்லை. உரல் இல்லாமலே அது போதுமான கொடுமை.

வேறொரு நாட்டில் இன்னொருத்தி

இது கண்டியில் மட்டும் நடந்ததா என்றால், இல்லை. நாகரிகம் கற்றுத்தர வந்தோம் என்று சொன்னவர்களின் நாட்டிலேயே அறுநூறு வருடங்களுக்கு முன் இதே கதை நடந்திருக்கிறது.

இங்கிலாந்தில் ஜோன் என்றொரு மன்னன். அவனுடைய நெருங்கிய பிரபு வில்லியம் டி புரோஸ். மனைவி பெயர் மட்டில்டா, மௌட் என்றும் சொல்வார்கள். கோட்டைகளையும் நிலங்களையும் தானே நிர்வகித்த கெட்டிக்காரி. 1208இல் மன்னனுக்கு வில்லியம் மீது சந்தேகம் வந்தது. உன் பிள்ளைகளைப் பிணையாக அனுப்பு என்று ஆள் அனுப்பினான். வந்தவர்கள் முகத்துக்கு நேரே மட்டில்டா மறுத்துவிட்டாள். தன் அண்ணன் மகன் ஆர்தரைக் கொன்றவனிடம் என் பிள்ளைகளைத் தர மாட்டேன் என்றாளாம். எல்லோரும் காதோடு காதாகப் பேசிய விடயத்தை அவள் வாய் திறந்து சொல்லிவிட்டாள். பிறகு அயர்லாந்துக்கு ஓட்டம், அங்கிருந்து ஸ்கொட்லாந்துக்கு. அங்கே பிடிபட்டாள். கணவன் பெருந்தொகை கட்டுவதாகப் பேச்சுவார்த்தை நடத்தி, கடைசியில் வேஷம் மாறிப் பிரான்சுக்குத் தப்பிவிட்டான். 1210இல் மட்டில்டாவையும் மூத்த மகனையும் சிறையில் பூட்டிப் பட்டினி போட்டே கொன்றார்கள். கணவனும் அடுத்த வருடம் அந்நிய மண்ணில் செத்தான்.

நீதியான தீர்ப்பில்லாமல் யாரையும் சிறையிடவோ அழிக்கவோ கூடாது என்று 1215ஆம் ஆண்டின் மேக்னா கார்ட்டா சாசனத்தில் ஒரு பிரிவு உண்டு. பிரபுக்கள் அதைக் கேட்டு நின்றபோது மட்டில்டாவின் சாவும் அவர்கள் மனதில் இருந்திருக்க வேண்டும் என்று சரித்திர ஆசிரியர்கள் சொல்கிறார்கள். 1216இல் அவளுடைய மகள் மார்கரெட், தாய் தந்தை, சகோதரனின் ஆத்ம சாந்திக்காக ஒரு கன்னியர் மடம் அமைக்க நிலம் கேட்டுப் பெற்றாள். கொடுத்தது அதே ஜோன் மன்னன், சாகிற தறுவாயில்.

மட்டில்டாவுக்காக மடம் கட்ட ஒரு மகள் மிஞ்சினாள். குமாரிஹாமிக்கு ஒருவரும் மிஞ்சவில்லை. அவருக்கு இருந்தது ஒரு சகோதரன்.

பிறந்த வீட்டார்

1815 ஜனவரியில் ஆங்கிலப் படை கண்டி மீது வந்தது. எஹலேபொல அவர்களோடு. எதிர்த்துப் போரிட வேண்டிய மொல்லிகொட முழு மனதோடு போரிடவில்லை. ஆனால் உடனே சரணடையவும் இல்லை. அவருடைய குடும்பமும் கண்டியில் மன்னன் பிடியில் இருந்தது. அவர்கள் பத்திரமாக வெளியே வந்த பிறகுதான் ஆங்கிலேயரிடம் வந்து சேர்ந்தார். குமாரிஹாமிக்கு நடந்தது அவருக்குப் பாடமாக இருந்திருக்கும். பெப்ரவரி 18இல் மன்னன் மெதமகநுவரைப் பக்கத்தில் பிடிபட்டான். மார்ச் 2இல் கண்டி ஒப்பந்தம். எஹலேபொல, மொல்லிகொட, கெப்பெட்டிபொல, இறந்துபோன அதிகாரத்தின் வம்சத்தைச் சேர்ந்த இளைய பிலிமத்தலாவை எல்லோரும் கையெழுத்திட்டவர்கள். பிரபுக்களில் சிலர் தமிழ் எழுத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது இன்றைய பிள்ளைகளுக்கு வியப்பாக இருக்கும்.

கெப்பெட்டிபொல மன்னனுக்கு எதிராக ஏன் கையெழுத்திட்டார் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. தங்கையா அக்காவா தெரியாது, கூடப் பிறந்தவள். ஆனால் அவர் ஆங்கிலேயரின் ஆளாக நிலைக்கவும் இல்லை. 1817இல் ஊவாவில் கிளர்ச்சி வெடித்தபோது அதை அடக்க அவரைத்தான் அனுப்பினார்கள். போனவர் கிளர்ச்சியாளரோடு சேர்ந்துகொண்டார். சேர்வதற்கு முன், ஆங்கிலேயர் கொடுத்த ஆயுதங்களை அவர்களிடமே திருப்பி அனுப்பினாராம். பெண் கொடுத்த வீட்டுக்காரன் எஹலேபொல காட்டாத நாணயம் அது என்று எனக்குத் தோன்றும். வேறு மாதிரி நினைப்பவர்களும் இருக்கலாம். 1818 நவம்பர் 26இல் கெப்பெட்டிபொலவுக்குச் சிரச்சேதம். இடம் போகம்பரை. கூடப் பிறந்தவள் மூழ்கடிக்கப்பட்ட குளத்தருகே, நான்கரை வருடம் கழித்து. அவருடைய மண்டையோட்டை ஹென்றி மார்ஷல் என்ற வைத்தியர் எடின்பரோவுக்குக் கொண்டு போனார். சுதந்திரத்துக்குப் பிறகு, 1954இல்தான் அது நாட்டுக்குத் திரும்பி வந்து கண்டியில் வைக்கப்பட்டது.

எஹலேபொலவை ஆங்கிலேயர் நம்பவில்லை. 1818இல் கைது செய்து, 1825இல் மொரிசியஸ் தீவுக்கு அனுப்பினார்கள். 1829இல் அங்கேயே இறந்தார். யாரை நம்பி மனைவி பிள்ளைகளை விட்டுப் போனாரோ, அவர்கள் கொடுத்த கூலி.

மற்றப் பெண்

மகளுடைய கேள்வி இன்னும் மிச்சமிருந்தது. நம்ம ஆளா?

ஒரு சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு கண்டிக்குப் போனேன். மாளிகைக்கு முன்னால் மத்தும பண்டாரவின் சிலையைப் பார்த்தோம். கெப்பெட்டிபொலவின் நினைவுத் தூணைப் பார்த்தோம். எஹலேபொல வளவின் பக்கமும் நடந்தோம். ஆங்கிலேயர் காலத்தில் படைமுகாமாகி, பிறகு சிறைச்சாலையாகி, அண்மைய ஆண்டுகளில் மெழுகுச் சிலைக் கூடமாக்கப்பட்ட கட்டடம். குளத்தைத்தான் காட்ட முடியவில்லை. போகம்பரைக் குளம் எப்போதோ தூர்ந்துவிட்டது. இப்போது விளையாட்டரங்கு இருக்கும் பக்கம் என்பார்கள். அங்கே அன்றைக்குப் பையன்கள் ஓட்டப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள்.

குளக்கரை மதிலில் உட்கார்ந்து கடலை தின்றபடி நான் அவளுக்கு ராணியின் கதையைச் சொன்னேன். மன்னன் பிடிபட்டபோது கூடவே ராணிமாரும் பிடிபட்டார்கள். நகைகளைப் பறித்த கூட்டம் காதணியோடு காதையும் கிழித்ததாகவும், இரத்தம் வழிய ராணி நின்றதாகவும் அங்கு போயிருந்த ஒரு மொழிபெயர்ப்பாளர் எழுதி வைத்திருக்கிறார். 1816 ஜனவரியில் கொழும்பிலிருந்து கப்பலேற்றி மதராசுக்கும், அங்கிருந்து வேலூர்க் கோட்டைக்கும் அனுப்பினார்கள். மன்னனின் மனைவியர், உறவினர், வேலைக்காரர் எல்லோரும். மன்னன் 1832 ஜனவரி 30இல் வேலூரிலேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவர்களுடைய சமாதிகள் இருக்குமிடத்தில் தமிழ்நாட்டு அரசு 1990இல் முத்து மண்டபம் கட்டியது. கண்டிக்கு ராணியாக வந்த பெண்களுக்குப் பாலாற்றங்கரையில் சமாதி; மாகாணத்துப் பிரபுவின் மனைவிக்கு அதுவும் இல்லை.

"இரண்டு பேருமே ராஜாவையும் அதிகாரத்தையும் கல்யாணம் முடிச்சதுதான் பிழையா?" என்று கேட்டாள் மகள்.

"அவங்களைக் கேட்டா முடிச்சு வைச்சாங்க?" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்ப ராஜா நம்ம ஆளா இல்லையா?" என்று விட்ட இடத்திலேயே வந்து நின்றாள். அவன் பேசிய மொழி நமக்கும் தெரியும், அவ்வளவுதான், ஆனால் அந்த அம்மா அழுதால் எந்த மொழியிலும் விளங்கும் என்று சொன்னேன். அவளுக்குத் திருப்தியா என்று தெரியாது. கடலைச் சுருளைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து கொப்பியில் ஒரு வம்ச மரம் வரைந்தாள். மேலே பிலிமத்தலாவை, கீழே எஹலேபொல, பக்கத்தில் கெப்பெட்டிபொல, நடுவில் குமாரிஹாமி, அவருக்குக் கீழே நான்கு பிள்ளைகள். சிவப்புப் பேனையால் வருடங்கள். பக்கத்து வீட்டு அக்கா பலாக்கொட்டை கொண்டு வந்தவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்தார். லொகு பண்டார என்பதில் எழுத்துப் பிழையைத் திருத்தினார். பிறகு விரலால் எஹலேபொலவின் பக்கத்தில் வெறுமையாக இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"துவ, இவருடைய தம்பி மனைவியும் அன்றைக்குக் குளத்துக்குப் போனவர்தானே. அவரை மறந்துவிட்டாய். அவரையும் எழுது."

மகள் அழிறப்பரைத் தேடினாள். இடம் போதவில்லை. கெப்பெட்டிபொலவைக் கொஞ்சம் தள்ளி எழுதிவிட்டு, அவருக்கும் ஒரு கட்டம் போட்டாள்.